மூடியார் அடைத்த ஊற்று

மூடியார் என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. துளையிடும் கூட்டத்தார் இட்ட பெயர். பாறைக்குள் குழாயை இறக்கித் துளையிட்டு, உள்ளே இருப்பதை உருளை உருளையாக வெளியே எடுப்பது அவர்கள் வேலை. எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்த இடத்துக்கு நகர்ந்தபின், எஞ்சி நிற்கும் துளையை அடிமுதல் நுனிவரை சிமெண்ட்டுக் கூழால் அடைத்துத் தரையைச் சமன் செய்வது இவர் வேலை. தொடக்கத்தில் வெறும் ‘மூடி’ என்றே அழைத்தார்கள். தலை நரைத்தபின் மரியாதைக்காக ஓர் ‘ஆர்’ வந்து ஒட்டிக்கொண்டது.

“நாங்க திறக்கறோம், அவரு மூடறாரு. கணக்குப் பார்த்தா இந்தக் கம்பெனி இதுவரைக்கும் ஒண்ணுமே செய்யல” என்பது துளைக்கூட்டத்தின் தலைவர் வாடிக்கையாகச் சொல்லும் நகைச்சுவை. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: நாக்கார். சேறோ, கல்தூளோ, நீரோ, துளையிலிருந்து எது வந்தாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு நீரா, நன்னீரா என்று அவர் சொன்னால் அதற்குமேல் அங்கே விசாரணை கிடையாது. பழைய துளையாளர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். இவரிடம் அது சற்று மிகுந்திருந்தது.

நிறுவனம் கடல் கடந்து வந்தது. யுரேனியம் தேடுவதே அதன் தொழில். முதலில் வடக்கே ஆளரவமற்ற சமவெளியில் ஒரே ஒரு வட்டாரத்தைத் துருவிக்கொண்டிருந்தது. பிறகு உலகச் சந்தையில் யுரேனியத்தின் விலை ஏறியது. விலை ஏறவே அரசாங்கம் மேலும் ஐந்து வட்டாரங்களைத் திறந்துவிட்டது. அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தில் முன்பு நெற்றிப்பொட்டளவே இருந்த சிவப்பு, மை கொட்டியதுபோலப் பரவியது. பரவிய மையின் ஒரு நுனி ஒரு சிறு நகரத்தின் கடைசித் தெருவைத் தொட்டது. அந்தத் தெருவில்தான் மூடியாரின் தங்கை குடியிருந்தாள்.

வட்டாரங்கள் ஆறாயின, ஆனால் மூடியாருடைய முழங்கால்கள் இரண்டாகவே இருந்தன. சிமெண்ட்டு மூட்டைக்கும் கலவை இயந்திரத்துக்கும் இடையே குனிந்து குனிந்து நிமிர்ந்த இடுப்பு, இப்போதெல்லாம் நிமிர்வதற்கு முன் சிறிது யோசித்தது. முகாமின் தகரக் கொட்டகையில் படுப்பதைவிடத் தங்கை வீட்டின் முன்னறையில் படுப்பது உடம்புக்கு நல்லது என்று எண்ணி, அங்கேயே தங்கி வேலைக்குப் போய்வந்தார்.

வீடு இரண்டே அறை. வாசலில் நெகிழிக் குடங்கள், களவு போகாதிருக்கக் காதுகளில் கோத்த இரும்புச் சங்கிலியால் பிணைந்து கிடக்கும். அந்தத் தெருவுக்குக் குழாய் இருந்தது, நீர் இல்லை. லாரியில் வந்தால்தான் உண்டு. லாரியோ, வருவேன் என்று சொன்ன நாளில் வந்தது குறைவு.

மூடியார் வீடு திரும்பும்போது ஒரு வழக்கம் உண்டு. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசற்படியில் நின்று கையை நீட்டுவார். தங்கை ஒரு சொம்பு நீரை அந்தக் கையில் வைப்பாள். நாள் முழுவதும் சிமெண்ட்டுத் தூசியை விழுங்கிய தொண்டை அந்த ஒரு சொம்பு இறங்கும்வரை பேசாது.

“ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு வந்தா காலைக் கழுவுவாங்க. எங்க அண்ணன் தொண்டையைக் கழுவுவான்” என்பாள் தங்கை.

அவளுடைய கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நீண்ட தூரத் தடங்களில் ஆண்டுக்கணக்கில் இயற்கை அழைப்பை அடக்கி வைத்ததன் பலனாக, ஒரு சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மற்றதும் ஏறக்குறைய அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. “ஒண்ணு ரிட்டயர்டு ஆயிடுச்சு மச்சான். இன்னொண்ணு ஓவர்டைம் பார்க்குது” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல நீரை நிறையக் குடிக்க வேண்டும் என்பது மருத்துவர் இட்ட ஆணை. லாரி நீர் கலங்கலாக இருக்கும் என்பதால் அவருக்கு மட்டும் கடையிலிருந்து குடுவை நீர் வந்தது. அதையும் வீட்டார் அளந்துதான் ஊற்றினார்கள்.

இப்படியிருக்கையில், கடைசித் தெருவின் பின்புறத்துத் திடலில் நாக்கார் இட்ட துளையில் நீர் வந்தது.

சாதாரணமாக வரவில்லை. பாறையின் அடியில் நெடுங்காலம் நெருக்குண்டு கிடந்த நீர், வழி கிடைத்ததும் தானாகவே மேலெழுந்து, குழாயின் வாயைத் தாண்டிப் பொங்கியது. இறைக்க இயந்திரம் தேவைப்படவில்லை. நாக்கார் கையை நீட்டி ஏந்தினார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடித் திறந்தார்.

“தேன்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு தண்ணி நான் ருசிச்சதில்ல” என்றார். வேலிக்கு வெளியே நின்ற தெரு மக்களின் காதில் அது விழுந்தது. அடுத்த நாழிகையில் சங்கிலிகள் அவிழ்ந்தன. குடங்கள் வேலியைத் தாண்டின.

அன்று மூடியார் வேறொரு துளையை அடைக்கப் போயிருந்தார். மாலையில் திரும்பிவந்து வாசற்படியில் கையை நீட்டினார். தங்கை சொம்பை வைத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தபின்தான் அதன் தெளிவையும் குளிர்ச்சியையும் உணர்ந்தார்.

“ஏம்மா, இது எந்தத் தண்ணி?”

“ஊகிச்சுக்கோ பார்க்கலாம்.”

“குடுவைத் தண்ணியா? மாப்பிள்ளைக்கு வாங்கினதை எனக்கு எதுக்கு ஊத்தறே?”

“குடுவையும் இல்ல, லாரியும் இல்ல. உங்க கம்பெனி புண்ணியத்துல நம்ம கொல்லைப்பக்கம் வந்த தண்ணி!” என்றாள் அவள். அவள் முகம் அவ்வளவு மலர்ந்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளேயிருந்து நடத்துநர், “மச்சான், இது மூணாவது செம்பு. டாக்டரைக் கூப்பிட்டு வந்து காட்டுங்க, மனுஷன் அசந்துபோயிடுவார்” என்று குரல் கொடுத்தார்.

மூடியார் வெறும் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் முகாமின் பாறைக் கொட்டகைக்குப் போனார். துளையிலிருந்து எடுத்த பாறை உருளைகள் அங்கே நீண்ட தட்டுகளில் ஆழ வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கும். நிலவியலாளராகிய பெண், ஈரத் துணியால் ஓர் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகளாக அவளுடைய விடுப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அதனால் அவளும் எதற்கும் அவ்வளவாக வியப்பதில்லை.

“மேடம், அந்தத் திடல் துளை...”

“அதைக் கேக்கத்தான் வருவீங்கன்னு தெரியும்” என்றாள் அவள். தட்டின் நடுவே சாம்பல் நிறத்தில், கைபட்டால் உதிரும் மணற்பாறைத் துண்டு ஒன்றைக் காட்டினாள். “கதிர்வீச்சு அளக்கற கருவியைத் துளைக்குள்ள இறக்கினோம். இந்த இடத்துக்கு வந்ததும் எகிறிடுச்சு. இதுக்காகத்தான் கம்பெனி கடல் தாண்டி வந்திருக்கு.”

“தண்ணி எந்த இடத்துல வருது?”

அவள் அதே துண்டின்மேல் விரலை வைத்தாள்.

மூடியார் அந்த விரலையே பார்த்தார்.

“அப்போ அந்தத் தண்ணியில கரைஞ்சிருக்கும்.”

“கரைஞ்சிருக்கும். எவ்வளவுன்னு சோதனைச் சாலைதான் சொல்லணும். அனுப்பியிருக்கேன். முடிவு வந்தா மேனேஜர் சார் மேசைக்குப் போகும், என் மேசைக்கு வராது. நாக்குக்கு அது தெரியாது மூடியாரே. உப்பு தெரியும், கசப்பு தெரியும், இது தெரியாது. ஒரேயடியா ஆளைச் சாய்க்காது. கொஞ்சம் கொஞ்சமா சிறுநீரகத்தைத் தின்னும்.”



அங்கிருந்து அவர் நேரே மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் தலைநகரத்திலிருந்து வந்தவர், கெட்டவர் அல்லர். ஆயினும் மேசையின் மேலிருந்த தொலைபேசி கடலுக்கு அப்பாலிருந்து நாள்தோறும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தமையால், எதையும் கேட்பதற்கு முன்பே களைத்த முகத்துடன்தான் நிமிர்வார். புதிய வட்டாரத்தில் தேடலை விரிவுபடுத்துவது குறித்து மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் விரைவில் நடைபெற இருந்தது. அதில் எதிர்ப்பு எழுந்தால் உரிமம் தள்ளிப்போகும்.

“அந்தத் துளையை மட்டும் விட்டுடுங்க” என்றார் மேலாளர். “குழாய் வெச்சு, மேடை கட்டி, தெருவுக்கே கொடுத்துடலாம்னு இருக்கேன். பாருங்க, ஒரு ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டாங்க, போட்டோம். இன்னொரு ஊர்ல பாலம் கேட்டாங்க. இங்கேதான் நாம கொடுக்கவேண்டியது தானாவே பொங்கி வந்திருக்கு.”

“சார், சோதனை முடிவு வராம...”

“வரும். கூட்டம் முடியட்டும், எல்லாம் பார்த்துக்கலாம். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்னு நினைச்சுக்கோங்க.”

மூடியார் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் வெகுநேரம் நின்றார். தம் வாழ்நாளில் எந்தத் துளையையும் மூடக்கூடாது என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை.

மேடை விரைவாக எழுந்தது. வெள்ளை ஓடு பதித்து, நான்கு குழாய்கள் வைத்து, நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். தெரு மக்கள் அதைத் துடைத்து மெருகேற்றினார்கள். சங்கிலிகள் வாசல்களில் பயனின்றித் துருப்பிடிக்கத் தொடங்கின.

வீட்டில் மூடியார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முதல்முறை பொதுவாகச் சொன்னார். இரண்டாம் முறை, நிறுவனத்தின் விவரங்களை வெளியே சொல்லமாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குறுதியையும் மீறி, உள்ளதை உள்ளபடியே சொன்னார்.

தங்கை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நில்லு. இந்த மண்ணுல ஒண்ணுமே இல்ல, சும்மா தேடிப் பார்க்கறோம், யாருக்கும் கெடுதல் இல்லேன்னு உங்க ஆளே மைக்கு வெச்சுச் சொல்றாரு. நீ வந்து, தண்ணியில விஷம் இருக்குங்கறே. இருக்குன்னா சேர்ந்து ஒரே வாயால இருக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. எதுன்னு முடிவு பண்ணிட்டு வா, அப்புறம் பேசலாம்.”

“அவரு சொல்றது கம்பெனிக்காகம்மா. நான் சொல்றது...”

“நீயும் கம்பெனி ஆளுதானே அண்ணே? நாக்கார் குடிச்சார். நானும் குடிச்சேன். நீயும் குடிச்சே. யாரு செத்தா? பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்றா தெரியுமா? தண்ணியை மூடிட்டு அதையே குடுவையில அடைச்சு நம்மகிட்டயே விப்பாங்களாம், அதுக்குத்தான் உங்க அண்ணன் இப்பவே பிட்டு போடறான்னு சொல்றா. கேட்டு எனக்கு மானம் போகுது.”

“சரி, மாப்பிள்ளையாவது குடிக்காம இருக்கட்டும். அவருக்கு மட்டும் குடுவைத் தண்ணி...”

“எனக்கு எதுக்கு மச்சான் ஸ்பெஷல் சீட்டு? எல்லாரும் போற வண்டியிலதான் நானும் போறேன்” என்றார் நடத்துநர், சொம்பைச் சாய்த்தபடியே.

 அன்றுமுதல் மூடியார் வாசற்படியில் கையை நீட்டுவதை நிறுத்திவிட்டார். முகாமிலேயே குடித்துவிட்டு வந்தார். தங்கை அதைக் கவனித்தாள், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முந்தைய நாள் அவர் மீண்டும் பாறைக் கொட்டகைக்குப் போனார்.

“முடிவு வந்துதா மேடம்?”

“வந்திருக்கும்னு நினைக்கறேன். சார் இன்னிக்கு என்னை நேராப் பார்க்கல.” அவள் துணியைப் பிழிந்தாள். “ஒண்ணு கேக்கறேன். அடைக்க வேண்டாம்னு உங்களுக்கு எழுத்துல யாராவது கொடுத்தாங்களா?”

“இல்ல. வாயால சொன்னதுதான்.”

“நாம போடற எல்லாத் துளையையும் அடைச்சே ஆகணும்னு அரசாங்கத்துக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு.” அவள் நிமிரவில்லை. “நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு விடுப்பு வேணும், வேலையும் வேணும்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலதான்” என்றார் மூடியார்.

கூட்டத்தன்று காலையிலேயே தெரு காலியாகிவிட்டது. நிறுவனம் அனுப்பிய வண்டிகளில் ஏறி எல்லாரும் நகர மண்டபத்துக்குப் போயினர். தங்கை இருப்பதில் நல்ல சேலையை உடுத்திப் போனாள். நன்றி சொல்லிப் பேசத் தெரு மக்கள் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒலிபெருக்கிக் குழல்களை நகரம் முழுவதும் கட்டியிருந்தார்கள். கடைசித் தெருவின் மின்கம்பத்திலும் ஒன்று இருந்தது.

மூடியார் கலவை இயந்திரத்தையும் அழுத்தக் குழாய் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடன் எப்போதும் வரும் உதவியாளர் இருவர், வெள்ளை ஓட்டு மேடையைப் பார்த்துத் தயங்கினார்கள்.

“இதையா? ஆர்டர் இருக்கா?”

“அடைக்கறதுக்கு எப்பவுமே ஆர்டர் இருக்கு. அடைக்காம விடறதுக்குத்தான் ஆர்டர் வேணும். அது என்கிட்ட இல்ல. யாராவது கேட்டா மூடி சொன்னான், செஞ்சோம்னு சொல்லுங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு மூத்தவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, “சரி, மூட்டையை இறக்கு” என்றார்.

பொங்கும் துளையை அடைப்பது எளிதன்று. மேலிருந்து கூழை ஊற்றினால் நீர் அதைத் துப்பிவிடும். மேற்புறம் மட்டும் ஓர் அடைப்பை வைத்தாலோ, மறுநாளே யாராவது கடப்பாரையால் பெயர்த்துவிடலாம். ஆகவே குழாயை அடிவரை இறக்க வேண்டும். கனமான வெள்ளைப் பொடி கலந்த சேற்றை முதலில் செலுத்தி, அதன் எடையால் ஊற்றை அமிழ்த்த வேண்டும். அதன்பின் சிமெண்ட்டுக் கூழை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே குழாயைச் சிறிது சிறிதாக உருவ வேண்டும். அப்படி அடைத்த துளையை அடைத்தவரே நினைத்தாலும் திறக்க முடியாது.

குழாய் இறங்கிக்கொண்டிருக்கையில் பின்னால் செருமல் கேட்டது. நடத்துநர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மேடைக்கு எதிரே போட்டு அமர்ந்தார். கால்கள் வீங்கியிருந்ததால் அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. கழுத்தில் பழைய விசில் தொங்கியது. தெருப் பிள்ளைகளை விரட்ட அதை இன்னும் வைத்திருந்தார்.

“மச்சான், இப்ப ஒரு விசில் அடிச்சேன்னா மண்டபத்துல இருக்கற மொத்தத் தெருவும் திரும்பி ஓடிவரும். அடிக்கட்டுமா?”

மூடியார் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகே வந்தார். குந்தி உட்கார முழங்கால் மறுத்தது. எனவே ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“அடிங்க மாப்பிள்ளை. உங்களைத் தடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்டுட்டு அடிங்க. எந்தக் கல்லைத் தேடி இவ்வளவு பேரும் வந்தோமோ, அந்தக் கல்லுக்குள்ள ஊறித்தான் இந்தத் தண்ணி வருது. நான் பார்த்தேன். கருவி காட்டின இடமும் தண்ணி வர்ற இடமும் ஒண்ணுதான். ஓவர்டைம் பார்க்குதுன்னு சொல்வீங்களே, அதைத்தான் இது முதல்ல பிடிக்கும்.”

நடத்துநர் விசிலைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

“இவ்வளவு நாளா குடிச்சேனே?”

“தெரியல மாப்பிள்ளை. எனக்குத் தெரியல.”

“பொய் சொல்லியாவது ஒரு ஆறுதல் சொல்லக்கூடாதா? மச்சானாம் மச்சான்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

“அவ என்னை விடமாட்டா” என்றார் நடத்துநர். “பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தியான்னு கேப்பா.”

“தூங்கிட்டேன்னு சொல்லுங்க.”

“கண்டக்டர் வண்டியில தூங்கினான்னு சொன்னா எவன் நம்புவான்?” என்றார் அவர். பின்பு விசிலைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, கையை உயர்த்தி, “ரைட், போலாம்” என்றார். 

மின்கம்பத்துக் குழலில் மேலாளரின் குரல் வந்துகொண்டிருந்தது. ஊருக்கு நிறுவனம் செய்யப்போவனவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இறுதியில், “அந்த ஊற்று இன்று முதல் உங்களுடையது” என்றார். கைதட்டல் எழுந்தது. அதைத் தொடர்ந்து தங்கையின் குரல் கேட்டது.  “எங்க தெருப் பொம்பளைங்க தண்ணிக்காக நின்ன காலம் இனிமே இல்ல. எங்க அண்ணனே இந்தக் கம்பெனியிலதான் இருக்காருன்னு சொல்லிக்க எனக்குப் பெருமையா இருக்கு” என்றாள்.

மூடியார் அழுத்தக் குழாயின் பிடியைத் திருப்பினார். திறந்துவிட்டிருந்த நான்கு குழாய்களிலும் நீர் முதலில் கலங்கியது, பிறகு வெளுத்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. உதவியாளர்கள் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். மின்கம்பத்துக் குழலில் பேச்சுகள் நீள, பொழுது சாயும்வரை கூழ் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது துளையின் வாயில் சாம்பல் நிறமாகத் தலைகாட்டியபோது, வழக்கம்போலக் கரணையால் ஒருமுறை தேய்த்துச் சமன் செய்தார்.

வண்டிகள் திரும்பி வந்தன. முதலில் ஒருத்தி குடத்தோடு போய்க் குழாயைத் திறந்தாள். அதன்பின் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கூச்சல், சாபம், ஓட்டு மேடையின்மேல் சில கற்கள். ஒரு கல் மூடியாரின் தோளிலும் பட்டது. எறிந்தவர் யார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கார் ஓடிவந்து, கரணையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்து, “நான் ருசிச்சுச் சொன்னேனேய்யா!” என்றார். “உங்க நாக்கு மேல தப்பில்ல. அதுக்கு இது தெரியாது” என்றார் மூடியார்.

மேலாளர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேடையின் உடைந்த ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

“எனக்குத் தெரியாம இல்ல மூடியாரே” என்றார், மற்றவர்களுக்குக் கேளாத குரலில். “கூட்டம் முடிஞ்சு ஒரு வாரத்துல நானே ஏதாவது சொல்லி மூடியிருப்பேன்.”

“ஒரு வாரம் குடிச்சிருப்பாங்க சார்.”

மேலாளர் “நாளைக்கு வரவேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் நடந்துபோன விதத்தில், வேலையை இழந்தவர் அவர்தான் என்று தோன்றியது.

மூடியார் வீட்டை அடைந்தபோது வாசலில் எவரும் இல்லை. உள்ளே நடத்துநர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் வண்டியோடு முகாமை விட்டுக் கிளம்பியபின் மூடியார் ஒரு வாய் நீரும் அருந்தியிருக்கவில்லை. வெள்ளைப் பொடியும் சிமெண்ட்டும் நாக்கில் படலமாகப் படிந்திருந்தன, உதடு வெடித்திருந்தது. வாசற்படியில் நின்றார். பழக்கத்தின் காரணமாகக் கை தானாகவே சற்று முன்னே வந்தது. உடனே அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். நல்ல சேலையை இன்னும் மாற்றவில்லை, கண்கள் சிவந்திருந்தன. அடுக்களை மூலையில் நீலப் பீப்பாய் ஒன்று கழுத்தளவு நிறைந்திருந்தது. காலையில் புறப்படும்போது அவள் பிடித்து வைத்த ஊற்று நீர். அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து, அவர் முன்னால் படியில் வைத்தாள்.

“குடி.”

அவர் நின்றபடியே இருந்தார்.

“மைக்குல உன் பேரைச் சொல்லி வாய் மூடறதுக்குள்ள என் மூஞ்சியில கரியைப் பூசினே. அத்தனை பேரு முன்னால. நாளைக்குத் தெருவுல நான் எப்படித் தலைகாட்டுவேன்? குடிண்ணே. ஒரு செம்பு குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. அன்னிக்குக் குடிச்சே, நல்லாத்தானே இருக்கே?”

மூடியார் படியில் அமர்ந்தார். சொம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்துமுத்தாக வேர்த்திருந்தது. அவர் விழுங்க முயன்றார். விழுங்குவதற்கு வாயில் ஒன்றும் இல்லை. இருமல் வந்தது. இருமி முடித்தபின், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொம்பையே பார்த்திருந்தார். கை மட்டும் நீளவில்லை.

தங்கை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயது முதல் அவரை அவளுக்குத் தெரியும். வீம்புக்காகச் சோற்றை வேண்டாம் என்பார். ஆனால் நீரை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. ஒருமுறை காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோதுகூடக் கை சொம்பைத் தேடியது.

“தொண்டை வறண்டு கிடக்கே” என்றாள். குரலில் இருந்த கோபம் எங்கோ வழியில் நின்றுவிட்டது.

அவர் தலையை அசைத்தார்.

“ஒரு வாய்கூட?”

இல்லை என்று மீண்டும் தலையை அசைத்தார்.

அவள் உள்ளே போனாள். பீப்பாயை இழுக்கும் ஓசை கேட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். “நீங்க தள்ளி நில்லுங்க, கால் வீங்கிக் கிடக்கு” என்று அவள் அதட்டினாள். “அவன் மூடும்போது பார்த்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? நாற்காலியைக் கூடத் திரும்ப எடுத்து வைக்கத் தெரியல” என்றும் சொன்னாள்.  இருவருமாகப் பீப்பாயை வாசலுக்கு நகர்த்திச் சாய்த்தார்கள். தெளிந்த நீர் மூடியாரின் காலடியைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். தங்கை அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசியாகப் படியிலிருந்த சொம்பையும் எடுத்துக் கவிழ்த்தாள்.

அவள் நடத்துநருடைய குடுவையின் அடியில் எஞ்சியிருந்த நீரை அந்தச் சொம்பில் ஊற்றப்போனாள். பிறகு நிறுத்திவிட்டு, வேறொரு குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மடக்குக்கும் குறைவு. மூடியார் அதை வாயில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

“வேலை போச்சா?”

“போச்சு.”

“நல்லது” என்றாள் தங்கை. தூணோரத்தில் துருப்பிடித்துக் கிடந்த சங்கிலியை உதறிக் குடங்களின் காதுகளில் கோக்கத் தொடங்கினாள். முதல் வளையம் மாட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்து மாட்டினாள். “லாரி வர்ற நாள் இன்னிக்குத்தான்னு நினைக்கறேன். இல்லேன்னா நாளைக்கு. முன்னாலயே போய் நின்னாத்தான் கிடைக்கும். தெருவுல எவளும் என்கூட நிக்கமாட்டா.”

மூடியார் இடுப்பில் கையை ஊன்றி எழுந்தார்.

“அந்த ரெண்டு குடத்தையும் நீ எடுத்துக்கோ” என்றாள் அவள்.